பாட்டாவின் பெட்டியில் கிடந்த பதக்கங்கள்: கல்யாண அழைப்பிதழில் 'எம்.பி.இ.' போடலாமா?

களியக்காவிளைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். விஷயம் சின்னதுதான், ஆனால் பத்து நாளாக வீட்டில் இதே பேச்சு, அதனால் இங்கே கேட்கிறேன்.

மூத்த மகளுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீடு நெய்யாற்றின்கரைப் பக்கம். நிச்சயத்துக்கு வந்த அன்றைக்கு மாப்பிள்ளையின் பெரியப்பா, அவர்கள் குடும்பத்து மூத்தவர் ஒருவருக்குப் பொன்னு தம்புரான், அதாவது திருவிதாங்கூர் ராஜா, வீரசங்கிலி போட்டுக் கொடுத்தார் என்று ஒரு அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனார். அது என் பெரியப்பா மகனுக்குப் பொறுக்கவில்லை. நம் பாட்டாவுக்கும் (தாத்தாவைத்தான் சொல்கிறேன்) ராஜா பட்டம் கொடுத்திருக்கிறாரே, அதுவும் திருவனந்தபுரத்து ராஜா இல்லை, லண்டன் ராஜா, அழைப்பிதழில் பாட்டா பெயருக்குப் பின்னால் 'எம்.பி.இ.' என்று போட்டே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

பாட்டா இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பட்டாளத்தில் இருந்தவர். பர்மா பக்கம் லாரி ஓட்டினார் என்பது வரைக்கும் தெரியும். வந்தபின் அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை, ரப்பர் வெட்டப் போனார், சாயங்காலம் வந்து வெற்றிலை போட்டுக்கொண்டு திண்ணையில் இருப்பார், எனக்குத் தெரிந்த பாட்டா அவ்வளவுதான். பட்டம் பட்டம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோமே தவிர என்ன பட்டம் என்று யாரும் பார்க்கவில்லை. போன வாரம் மச்சிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினோம். உள்ளே இருந்தவை இவை:

ஆறுமுனை நட்சத்திரம் இரண்டு. பித்தளையா வெண்கலமா தெரியவில்லை, நடுவில் கிரீடம். ஒன்றில் 'பர்மா ஸ்டார்' என்று எழுதியே இருக்கிறது. அப்புறம் வட்டமாக ஒரு பதக்கம், ஒரு பக்கம் கிரீடம் வைத்த ராஜா தலை, மறுபக்கம் இரட்டைத்தலை மிருகம் ஒன்றை மிதித்துக்கொண்டு நிற்கும் சிங்கம். ரிப்பனெல்லாம் நைந்துபோய்த் தொட்டால் கையோடு வருகிறது. ஒரு சின்ன இலை, விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, பச்சைக் களிம்பு ஏறிக் கிடக்கிறது. பாச்சா உருண்டையோடு உருண்டு பெட்டி மூலையில் கிடந்தது. அத்தையின் பழைய கொண்டை ஊசியில் இருந்து விழுந்ததாக இருக்கும் என்று அம்மா சொல்கிறாள். கடைசியாக நாலாக மடித்த ஒரு காகிதம். பாதியைக் கறையான் தின்றுவிட்டது. மேலே அரச முத்திரை, அதற்குக் கீழே ஆங்கிலத்தில் 'பை த கிங்ஸ் ஆர்டர்' என்று ஆரம்பிக்கிறது. இந்த 'ஆர்டர்' என்பதை வைத்துத்தான் அண்ணன் இது 'ஆர்டர் ஆஃப் த பிரிட்டிஷ் எம்பயர்', அதாவது எம்.பி.இ. என்கிறார்.

மார்த்தாண்டத்தில் ஒரு நகைக்கடையில் காட்டினேன். உரசிப் பார்த்துவிட்டு வெள்ளிகூட இல்லை அண்ணாச்சி என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பழைய சாமான் வாங்கும் ஒருவர் மொத்தத்துக்கும் மூவாயிரம் தருகிறேன் என்றார், கொடுக்கவில்லை.

போடலாமா, கூடாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அச்சகத்துக்காரர் தினமும் போன் பண்ணுகிறார்.

சுங்கான்கடை பானை:

படம் எங்கே மக்கா? படம் போடாமல் கேட்டால் நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்பது. அந்த இலையை முதலில் போடுங்கள். அம்மா தூர எறிந்துவிடப் போகிறாள்.

பழைய பட்டாளம்:

மேலே சொன்னவர் சரியாகப் பிடித்துவிட்டார். இலையைப் பத்திரமாக எடுத்து ஒரு சின்ன டப்பாவில் வையுங்கள். முக்கியமாகப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம், உலர்ந்த பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும். என் மாமனார் வீட்டில் விளக்கோடு சேர்த்துப் பதக்கத்தையும் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, இப்போது ராஜாவுக்கு மூக்கே இல்லை.

நான் இருபத்தி இரண்டு வருஷம் சர்வீஸ். பட்டாளத்துக்காரன் வீட்டில் பதக்கம் என்றால் எல்லாமே வீரப் பதக்கம் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை தம்பி. போருக்குப் போனதற்குக் கொடுப்பது ஒன்று, போரில் என்ன செய்தான் என்பதற்குக் கொடுப்பது வேறு. உங்களிடம் இருக்கும் வட்டப் பதக்கம் 'வார் மெடல் 1939–45'. முழுநேரச் சேவையில் 28 நாள் இருந்தவன் எல்லோருக்கும் அது உண்டு. அந்தச் சிங்கம் மிதிப்பது எதிரியை, அவ்வளவுதான் அர்த்தம். செப்பும் நிக்கலும் கலந்தது, அதனால் நகைக்கடைக்காரர் சொன்னது சரி. முதல் உலகப் போரின் வட்டப் பதக்கம்தான் வெள்ளி; அதனாலேயே எத்தனையோ வீடுகளில் அது கொலுசாக உருகிப் போயிற்று. 'பர்மா ஸ்டார்' அங்கே போர்முனைப் பகுதியில் இருந்தவர்களுக்கு. இன்னொரு நட்சத்திரம் '1939–45 ஸ்டார்' ஆக இருக்கும், பொதுவாக ஆறு மாதம் போர்ப் பகுதியில் இருந்தால் கிடைத்தது. இந்த மூன்றும் சேர்ந்து உங்கள் பாட்டா எங்கே இருந்தார் என்று சொல்கின்றன. சின்ன விஷயம் இல்லை, பர்மா முனை எப்படி இருந்தது என்று எங்கள் பழைய சுபேதார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மலேரியாவும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து, குண்டடி பட்டவனைவிடக் காய்ச்சலில் விழுந்தவன் அதிகம். மழையில் லாரிச் சக்கரம் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கிவிடும். ஆனாலும் அது பட்டம் இல்லை. கூட இருந்த சமையல்காரருக்கும் அதே பதக்கம்தான்.

இலைக்கு வருகிறேன். பின்பக்கம் இரண்டு முள் இருக்கிறதா பாருங்கள், ரிப்பனில் குத்தி மடக்குவதற்கு. இருந்தால் அது கொண்டை ஊசி இல்லை. வெண்கல ஓக் இலை. வார் மெடல் ரிப்பன்மேல் குத்துவது. 'மென்ஷன்ட் இன் டெஸ்பாட்சஸ்' என்பார்கள், அதாவது தளபதி மேலிடத்துக்கு எழுதும் போர் அறிக்கையில் இந்த ஆளின் பெயரைக் குறிப்பிட்டு எழுதினார் என்று அர்த்தம். அந்தப் பெயர் லண்டன் கெஜட்டில் அச்சாகும், அதற்கு ஒரு சான்றிதழ் வரும். அந்தச் சான்றிதழின் முதல் வரிதான் 'பை த கிங்ஸ் ஆர்டர்', 'அரசர் ஆணைப்படி இன்னாருடைய பெயர்' என்று போகும். அண்ணன் 'ஆர்டர்' என்பதைப் பட்டத்தின் பெயராக எடுத்துக்கொண்டார். இங்கே ஆர்டர் என்றால் கட்டளை. ராஜாவின் கையெழுத்தும் அதில் இருக்காது.

ஆக எம்.பி.இ. இல்லை. பெயருக்குப் பின்னால் போட எழுத்து எதுவும் கிடையாது. ஆனால் கேளுங்கள், நட்சத்திரம் எல்லோருக்கும் கிடைத்தது, இந்த நகத்தளவு இலை எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

வட்டப் பதக்கத்தின் விளிம்பையும் நட்சத்திரங்களின் பின்பக்கத்தையும் வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பிரிட்டிஷ்காரனுக்குக் கொடுத்த அந்தப் போரின் பதக்கங்களில் பெயர் கிடையாது. இந்தியப் படைக்குக் கொடுத்தவற்றில் எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் பொறித்திருப்பார்கள்.

பத்மநாபபுரம் படிக்கட்டு:

பட்டாளத்து அண்ணன் சொல்லிவிட்டார், நான் சம்பந்தி வீட்டு வீரசங்கிலிக்கு வருகிறேன், அதுதானே இந்த வழக்கின் மூலகாரணம்.

வீரசங்கிலியை மலையாளத்தில் வீரசிருங்கல என்பார்கள். பெயரில் வீரம் இருந்தாலும் பட்டாளத்துக்காரனுக்கு மட்டும் கொடுத்தது இல்லை, வித்வான், கவிஞர், வைத்தியர் என்று ராஜா மனம் குளிர்ந்தால் யாருக்கும் கையில் பூட்டுவார்கள். அது பொன் வளை, அதாவது கையில் போட்ட அன்றைக்கே அதற்கு ஒரு விலை உண்டு. பட்டும் வளையும் கொடுப்பது என்று சேர்த்தே சொல்வார்கள். இதில் எனக்குப் பிடித்தது சுவாதித் திருநாள் தஞ்சாவூர் வடிவேலுவுக்கு 1834-ல் கொடுத்த வயலின். தந்தத்தில் செய்தது. வாசிக்கிறவனுக்கு வாசிக்கிற சாமானையே கொடுத்த ராஜா, அதுதான் பட்டம்.

நம் தெற்குத் திருவிதாங்கூரில் பெரிய பட்டம் என்றால் செண்பகராமன். மார்த்தாண்டவர்மா காலத்தில் நாட்டுக்கு உழைத்தவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய சிறப்புப் பட்டம் அது. தலக்குளத்து வேலுத்தம்பி தளவாயின் முழுப்பெயர் வேலாயுதன் செண்பகராமன் தம்பி, நடுவில் இருப்பது அந்தப் பட்டம். பின்னாளில் ஊரில் சும்மா பிள்ளைகளுக்கு வைக்கிற பெயராகவும் அது ஆகிவிட்டது, என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரு செண்பகராமன் படித்தான், கணக்கில் முட்டை வாங்குவான்.

இன்னொன்று, குளச்சல் சண்டை 1741. டச்சுக் கம்பெனிக்காக வந்து தோற்றுப் பிடிபட்ட டிலனாய் அப்புறம் மார்த்தாண்டவர்மாவிடமே சேர்ந்து படையைப் பழக்கினார், கோட்டை கட்டினார், 'வலிய கப்பித்தான்' ஆனார். எதிரியாக வந்த ஆளுக்கு ஊர் கொடுத்த பெயர். 1777-ல் இறந்தார், கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள்தான், கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கும். மான் பார்க்க வருகிற கூட்டத்தில் பத்துக்கு ஒன்பது பேர் அந்தப் பக்கமே போவதில்லை.

கடைசி ராஜா சித்திரைத் திருநாள் காலத்திலும் பட்டங்கள் நடந்தன. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயருக்கு 'சச்சிவோத்தம', அமைச்சர்களில் உத்தமர் என்று. ஊர் அவரை எப்படி நினைத்தது என்பது வேறு கதை, 1947-ல் வெட்டுப்பட்டுத் திவான் வேலையை விட்டுப் போனார். சிரிப்பு என்னவென்றால் மற்றவர்களுக்குப் பட்டம் கொடுத்த பொன்னு தம்புரானே தன் மார்பில் லண்டன் பதக்கங்களைக் குத்திக்கொண்டுதான் படம் எடுத்திருக்கிறார். ஜி.சி.எஸ்.ஐ., ஜி.சி.ஐ.இ. இரண்டும் அவருக்கு உண்டு. திருவிதாங்கூருக்கு 19 குண்டு மரியாதை. பீரங்கி எத்தனை முறை வெடித்தது என்று எண்ணித்தான் யார் பெரிய ராஜா என்று அந்தக் காலத்தில் கணக்குப் பார்த்தார்கள்.

ஆகவே சம்பந்தி சொன்னது நடந்திருக்கக்கூடிய விஷயம்தான். ஆனால் சங்கிலியைக் கேட்டுப் பாருங்கள். பொன் ஆகையால் பெரும்பாலான வீட்டில் அது இப்போது இருக்காது. உங்கள் பாட்டா கொடுத்துவைத்தவர், யாரும் உருக்க முடியாத பதக்கம் வாங்கினார். திருவிதாங்கூர் அரசாங்கக் கெஜட் பழைய தொகுதிகள் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தில் உண்டு, சம்பந்தி விரும்பினால் தேடட்டும்.

கொழிஞ்சாம்பாறை கள்ளிச்செடி:

நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். வெள்ளைக்காரன் கொடுத்ததை இந்தக் காலத்தில் அழைப்பிதழில் போடுவதே எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

எங்கள் பாலக்காட்டுப் பக்கம் மங்கரைக்காரர் சர் சங்கரன் நாயர். வைஸ்ராய் சபையில் உறுப்பினர் பதவி, அன்றைக்கு ஒரு இந்தியனுக்கு அதற்குமேல் ஏது. ஜாலியன் வாலாபாக் நடந்தபின் 1919-ல் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். தாகூர் அதே வருஷம் சர் பட்டத்தைத் திருப்பினார். அதற்கும் முன்னால் நம் மதுரைக்காரர் மணி ஐயர், சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், ஹைகோர்ட் ஜட்ஜாக இருந்தவர், அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு எழுதிய கடிதம் வெளியாகி அவரைக் குறை சொன்னபோது, பட்டமே வேண்டாம் என்று 1918-ல் தூக்கிப் போட்டார். காந்தி 1920-ல் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கத்தோடு தென்னாப்பிரிக்காவில் வாங்கிய இரண்டு போர்ப் பதக்கங்களையும் சேர்த்துத் திருப்பி அனுப்பினார். ஒத்துழையாமைத் திட்டத்தில் முதலில் இருந்ததே பட்டங்களைத் திருப்பிக் கொடுங்கள் என்பதுதான்.

எத்தனை பேர் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று படிப்படியாக ஏணி வைத்திருந்தான். வடக்கே ராய், நம் பக்கம் ராவ், முஸ்லிம்களுக்கு கான். கலெக்டர் வந்தால் கார் அனுப்பியவன், வார் பண்டுக்குப் பணம் கொடுத்தவன் எல்லாம் ராவ் சாகிப். தன் ஊருக்குப் பள்ளிக்கூடமும் கிணறும் வெட்டி வாங்கியவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1926-ல் ராவ் சாகிப், 1930-ல் ராவ் பகதூர், 1936-ல் திவான் பகதூர். அவர் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு யார் வாசலில் போய் யாருக்காகப் பேசினார் என்பது தெரியும். தெருவில் நடக்க விடாதவர்கள் எல்லாம் திவான் பகதூர் என்று கூப்பிட வேண்டி வந்ததே, அதில் எனக்கு ஒரு திருப்தி. அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. மற்றபடி பட்டம் என்பது கழுத்தில் போட்ட பட்டைதான்.

பழைய பட்டாளம்:

கள்ளிச்செடி, முள் கொஞ்சம் அதிகமாகக் குத்திவிட்டது. கார் அனுப்பி வாங்கிய ராவ் சாகிப்பையும் சேற்றில் லாரி தள்ளியவனையும் ஒரே தராசில் போடுகிறீர்கள். 1942-ல் ஊரில் பஞ்சம், அரிசி கிடையாது, சம்பளமும் சாப்பாடும் உண்டு என்று சேர்ந்தவன் அவன். வில்சனுக்குக் கடிதம் எழுதவா முடியும்?

மதராஸ் சாப்பர்ஸில் (பட்டாளத்துப் பொறியாளர் படை) சுபேதார் சுப்பிரமணியன் என்று ஒருவர். 1944-ல் இத்தாலியில் கண்ணிவெடி எடுக்கும்போது கூட இருந்தவர்களைக் காப்பாற்ற வெடிமேல் தானே விழுந்தார். ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள், அவர் போனபிறகு. அவர் ராஜாவுக்காக விழுந்தாரா, பக்கத்தில் நின்ற ஆளுக்காக விழுந்தாரா? பட்டாளத்தில் இருந்தவனைக் கேட்டால் சொல்வான்.

வெள்ளைக்காரன் நம்மை எப்படி வைத்திருந்தான் என்பதற்கு உங்கள் பக்கம் பேசவும் எனக்குத் தெரியும். விக்டோரியா கிராஸ் இந்தியனுக்கு 1911 வரைக்கும் கிடையாது. அதுவரை நமக்குத் தனி வரிசை: 1837-ல் தொடங்கிய ஆர்டர் ஆஃப் மெரிட், அதே காலத்து ஆர்டர் ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா, பிறகு 1907-ல் ஐ.டி.எஸ்.எம்., அதாவது இந்தியன் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் மெடல். பிரிட்டிஷ் இந்தியா ஆர்டரின் முதல் வகுப்பு வாங்கிய சுபேதார் 'சர்தார் பகதூர்', இரண்டாம் வகுப்பு வெறும் 'பகதூர்'. அதன் கழுத்து ரிப்பன் முதலில் வான நீலமாம், நம் ஆட்கள் தலையில் வைத்த எண்ணெய் பட்டுக் கறையாகிறது என்று கருஞ்சிவப்புக்கு மாற்றினார்கள் என்று சொல்வார்கள். தேங்காய் எண்ணெய்க்கு ராஜாங்கமே பணிந்த ஒரே இடம் அதுதான்.

சித்தூர் கோர்ட் வராந்தா:

பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரச் சித்தூர் இல்லை. இரண்டு பக்கமும் தமிழ் பேசுவதால் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டப் பக்கம் மட்டும் சொல்கிறேன். அரசியல் சாசனம் 18-ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்துவிட்டது. அரசு பட்டம் கொடுக்கக் கூடாது, இந்தியக் குடிமகன் வெளிநாட்டு அரசிடம் பட்டம் வாங்கவும் கூடாது. ஆனால் அதிலேயே விலக்கு ஒன்று வைத்தார்கள்: ராணுவச் சிறப்பும் கல்விச் சிறப்பும் அதில் வராது. அதனால்தான் டாக்டர் பட்டம் போடலாம், கர்னல் போடலாம், பரம் வீர் சக்ரா பெயருக்குப் பின்னால் வரலாம்.

பத்ம விருதுகள் 1954-ல் வந்தபோதே இது பட்டம் இல்லையா என்று கேட்டார்கள். மொரார்ஜி ஆட்சி 1977-ல் நிறுத்தியது, 1980-ல் திரும்ப வந்தது. பிறகு கேரள உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய பாலாஜி ராகவன் வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1995 டிசம்பரில் தீர்ப்பு. பாரத ரத்னா, பத்ம விருது எல்லாம் பட்டம் இல்லை, அதனால் செல்லும். ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டக் கூடாது, ஒட்டினால் விருதைத் திரும்ப வாங்கலாம் என்றார்கள். இதைச் சொன்னால் பலருக்கு அதிர்ச்சி, ஏனென்றால் நம் ஊர்ச் சுவரொட்டி, பிளக்ஸ் எல்லாவற்றிலும் 'பத்மஸ்ரீ' முன்னால்தான் நிற்கிறது. லண்டனில் இருந்து இன்றைக்கும் இந்தியர்களுக்குக் கௌரவ விருது வருகிறது, ரத்தன் டாடாவுக்கு 2009-லும் 2014-லும் கொடுத்தார்கள், ஆனால் கௌரவ விருது ஆகையால் 'சர்' கிடையாது.

உங்கள் பாட்டா வாங்கியது 1950-க்கு முன்னால், அதுவும் போரில். அழைப்பிதழில் போட்டதற்காக யாரும் உங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கப் போவதில்லை. எம்.பி.இ. என்று போட்டால் மட்டும் சட்டத்துக்கு முன்னால் சம்பந்தி பிடித்துக்கொள்வார். 1917-ல் ஐந்தாம் ஜார்ஜ் தொடங்கிய ஆர்டரின் ஐந்தாவது படி அது, வாங்கியவர்கள் பட்டியல் முழுக்க கெஜட்டில் இருக்கிறது, இந்தக் காலத்துப் பிள்ளைகள் பந்தியில் உட்கார்ந்துகொண்டே போனில் தேடிவிடுவார்கள்.

விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நூறு வருஷம் தாண்டிய பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, 1972 தொல்பொருள் சட்டம். உங்களுடையது இன்னும் அந்த வயதுக்கு வரவில்லை, ஆனாலும் மூவாயிரத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். பெயர் பொறித்த பதக்கமும் இலையும் காகிதமும் ஒன்றாக இருப்பதற்குத்தான் மதிப்பு. பிரித்தால் தகரம்.

களியக்காவிளைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் வரமுடியவில்லை, பந்தலுக்கு ஆள் பார்க்கப் போய்விட்டேன்.

இலையின் பின்னால் இரண்டு முள் இருக்கிறது! ஒன்று ஒடிந்து பாதிதான் நிற்கிறது. அம்மாவிடம் காட்டியதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு, நாற்பது வருஷமாகப் பெட்டியைத் துடைக்கும்போதெல்லாம் இதைத்தான் முதலில் தூர எறிய நினைப்பேன் என்றாள்.

காலை வெயிலில் வட்டப் பதக்கத்தின் விளிம்பைப் பார்த்தோம். மகளுடைய போனில் பெரிதாக்கினால் தெளிவாக வருகிறது. எண், அப்புறம் 'நாயக்', அப்புறம் பாட்டா பெயர் (வெள்ளைக்காரன் எழுதினபடி, ஒரு 'ழ' எங்கேயோ போய் 'எல்' ஆகியிருக்கிறது), கடைசியில் ஆர்.ஐ.ஏ.எஸ்.சி., அதாவது ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ். பாட்டா நாயக் வரைக்கும் உயர்ந்தார் என்பதே எங்களுக்குத் தெரியாது. சாதாரண டிரைவர் என்றுதான் நினைத்திருந்தோம். தங்கை, நாம் எப்போதிலிருந்து நாயக்கர் என்று கேட்டாள், அவளுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

காகிதத்தில் மிச்சமிருக்கும் பாதியை இப்போது திரும்பப் படித்தால் எல்லாம் புரிகிறது. 'பை த கிங்ஸ் ஆர்டர் த நேம் ஆஃப்' வரைக்கும் இருக்கிறது, பெயர் இருந்த இடத்தில் ஓட்டை. கறையானுக்குத் தெரிந்திருக்கிறது எதைத் தின்ன வேண்டும் என்று.

பெரியப்பா மகனுக்கு முதலில் முகம் வாடிவிட்டது. பிறகு அவரே, எம்.பி.இ. ஊரில் யாருக்கும் புரியாது, இலை என்றால் சொல்ல ஒரு கதை இருக்கிறது என்று சமாதானம் ஆகிவிட்டார். அழைப்பிதழில் 'நாயக்' என்று பெயருக்கு முன்னால் மட்டும் போட்டு அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். சம்பந்தியிடம் வீரசங்கிலியைப் பார்க்கலாமா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அது அவர் அப்பா காலத்திலேயே பேங்க் அடகுக்குப் போய் மூழ்கிவிட்டதாம். ரசீது இருக்கிறது, கல்யாணத்தன்று கொண்டுவருகிறேன் என்றார்.

கள்ளிச்செடி அண்ணன் சொன்னதையும் யோசித்தேன். பாட்டா இதை ஒருநாளும் எடுத்துக் காட்டாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்குமோ என்னவோ. 1947-க்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து இதைப் பேசினால் யார் கேட்டிருப்பார்கள்.

இனி அந்த மென்ஷன் எதற்குக் கிடைத்தது என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

கொழிஞ்சாம்பாறை கள்ளிச்செடி:

'நாயக்' நன்றாக இருக்கிறது. என் பாட்டை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் அழைப்பிதழ் அனுப்பினால் வருவேன்.

பழைய பட்டாளம்:

நாயக் என்றால் தோளில் இரண்டு பட்டை. அவருக்குக் கீழே சில லாரிகளும் அதன் ஆட்களும் இருந்திருப்பார்கள்.

லண்டன் கெஜட் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. பெயரை வைத்துத் தேடாதீர்கள், ஒரே பெயரை நாலு விதமாக எழுதியிருப்பான், பழைய அச்சு வேறு மங்கல். எண்ணை வைத்துத் தேடுங்கள், அதிலும் ஒரு இலக்கம் மாறியிருந்தால் அசராமல் 1944 முதல் 1946 வரை இந்தியப் படைப் பட்டியல்களைக் கண்ணால் ஓட்டுங்கள். ஆனால் கெஜட்டில் பெயர் மட்டும்தான் இருக்கும், என்ன செய்தார் என்று மென்ஷனுக்குப் பொதுவாக எழுத மாட்டார்கள். அதற்கு அவருடைய சர்வீஸ் பதிவேடு வேண்டும். ஏ.எஸ்.சி. ரெக்கார்ட்ஸ் பெங்களூரில். எண், பதவி, பெயர், நீங்கள் வாரிசு என்பதற்குச் சான்று எல்லாம் வைத்து எழுதுங்கள். நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் எப்படி எழுதுவது என்று சொல்வார்கள். உடனே பதில் வராது. திரும்பத் திரும்ப எழுத வேண்டும்.

ஒடிந்த முள்ளை ஆசாரியிடம் கொடுத்துப் பற்றவைக்காதீர்கள், சூட்டில் இலை கருத்துவிடும். இருக்கிற ஒரு முள்ளே போதும், இரண்டு தையல் போட்டு நிறுத்தலாம். புது ரிப்பனுக்கு வார் மெடல் 39–45 என்று சொன்னால் பட்டாளத்துச் சாமான் விற்கிற கடையில் வெட்டிக் கொடுப்பான், சிவப்பும் நீலமும், நடுவில் மெல்லிய சிவப்புக் கோடும் அதன் இருபுறமும் மெல்லிய வெள்ளையும் இருக்கும், ஒரு சாண் வாங்கினால் மிச்சமே விழும். பழைய ரிப்பனைத் தூர எறிய வேண்டாம், காகிதத்தோடு சேர்த்து வையுங்கள். பாச்சா உருண்டையைப் பதக்கத்தில் இருந்து தள்ளி வையுங்கள்.